நானூறு கிராம் எடையும் ஒரு தகப்பனின் தீர்ப்பும்

பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். இஷா தொழுது வீடு திரும்பியபோது என் மகன் கூடத்தில் காத்திருந்தான். கைப்பேசியில் இரண்டு படங்களைக் காட்டினான். இரண்டும் பந்தய சைக்கிளுக்கான சக்கரச் சோடிகள். ஒன்றில் ரிம் ஒல்லியாக, சாதாரண சக்கரம் போலவே இருந்தது. மற்றொன்றில் ரிம் உள்நோக்கி மூன்று விரல் அகலத்துக்கு இறங்கி, கன்னங்கரேலென்று, பார்த்த கண்ணை இழுத்துப் பிடிப்பதாக இருந்தது. முதலாவது எடை குறைந்தது. சோடி 1,350 கிராம். இரண்டாவது காற்றைக் கிழித்துச் செல்வதற்கென்று வடித்தது; 1,750 கிராம்.

"அத்தா, ஆழமான ரிம்முதான் வேணுங்க" என்றான்.

அவனுக்கு வயது பத்தொன்பது. பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். பஜ்ர் தொழுதுவிட்டு, விடியும் முன்பே குனியமுத்தூரிலிருந்து கிளம்பிப் பொள்ளாச்சிச் சாலையில் கிணத்துக்கடவு வரை போய்த் திரும்புவது மூன்றாண்டுப் பழக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் பெருநாள் காசுமாகச் சிறுகச் சிறுக நாற்பதாயிரம் சேர்த்திருந்தான். மீதியை நான் போட வேண்டும். காசு போடுகிறவனுக்குக் கருத்துச் சொல்லவும் உரிமை உண்டல்லவா? சொன்னேன்.

"இது ஓடுறதுக்கு வாங்கறதா, நாலு பேர் பார்க்கறதுக்கு வாங்கறதா?"

அவன் பதில் சொல்லவில்லை. நான் விடவில்லை. முகஸ்துதி, பெருமை, வீண்விரயம் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களையும் எடுத்து வைத்தேன். எடை குறைந்த சக்கரம் பார்வைக்கு அடக்கமாக இருந்தது. அடக்கமாக இருப்பதுதான் நமக்கு ஏற்றது என்று முடித்துவிட்டேன்.

மார்க்கத்தோடு என் தொழிலையும் துணைக்கு அழைத்தேன். குறிச்சி சிட்கோவில் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிறியதொரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பம்புகளுக்கான ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது வேலை. பக்கத்துப் பட்டறையில் பவர் பிரஸ் ஓடுகிறது. அதன் ஃப்ளைவீலில் எடை முழுவதும் விளிம்பில்தான் இருக்கும்; அந்த விளிம்பைச் சுழற்றி எழுப்பவே மோட்டார் திணறும். "ரிம்மில் இருக்கும் ஒரு கிராம் சட்டத்தில் இருக்கும் இரண்டு கிராமுக்குச் சமம். உன் சக்கரத்தில் நானூறு கிராம் குறைந்தால் எண்ணூறு கிராம் குறைந்த மாதிரி" என்று சொன்னேன். இது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல என்பது பிறகுதான் விளங்கியது.

எடை குறைந்த சக்கரத்தையே வாங்கினோம்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவைக்குக் கிழக்கே பல்லடம் பக்கம் ஒரு சாலைப் போட்டி. வெளியூர்ச் சகோதரர்களுக்கு எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில்போல நிற்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மட்டும் அந்த மதிலில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் காடுபோல் நிற்பதற்கு அதுவே காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழியன்று.

போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. எல்லோருமே வேகமாகப் போனார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் மோதியது. முன்னணியில் எட்டுப் பேர் ஒரு கொத்தாகச் சென்றதில் என் மகனும் இருந்தான். ஒரு மேம்பாலத்துக்குப் பிறகு ஒரு சைக்கிள் நீளம் பின்தங்கினான். அது இரண்டாயிற்று, பத்தாயிற்று. முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிக்கொண்டு போனால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்த நிழல் கைவிட்டுப் போனால் முழுக் காற்றும் நமக்குத்தான். கடைசி பத்துக் கிலோமீட்டரைத் தனியாக ஓட்டி, பதினொன்றாவதாக வந்து சேர்ந்தான்.

தண்ணீர்க் குப்பியை நீட்டினேன். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "பெருமைக்கு ஆசைப்பட்டா இப்படித்தான், உழைப்பில் மனசு நிக்காது" என்றேன். அவன் வாங்காத சக்கரத்தின் பெயரால் அவனைக் குற்றம் சாட்டியது எத்தகைய அநியாயம் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

"சக்கரத்தால தோத்தேன்னு நான் சொல்லவே இல்லைங்களே அத்தா" என்றான். அவ்வளவுதான். வீடு வரும்வரை வண்டியில் இருவரும் பேசவில்லை. இரவு என் மனைவி, "ஏங்க, அவன் உள்ளத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த ஜுமுஆவில் ஹஜ்ரத் அவர்கள் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னார்கள். போர்க்களத்தில் எதிரி ஒருவன் கலிமா மொழிந்த பின்னும், உயிருக்கு அஞ்சித்தான் சொல்கிறான் என்று கருதி உஸாமா (ரலி) அவனைக் கொன்றுவிட்டார்கள். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள், அவனுடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முஸ்லிம் நூலில் பதிவான இந்த ஹதீஸைச் சிறு வயது முதல் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று மட்டும் பள்ளிவாசலின் தூணில் சாய்ந்திருந்த என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

அன்று மாலை பட்டறையை மூடிய பிறகு, ஷாஃப்ட் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தேன். மகனின் எடை, சைக்கிள், தண்ணீர், உடை எல்லாம் சேர்த்து 72 கிலோ. சக்கரத்தில் மிச்சமானது 400 கிராம்.

முதலில் என் ஃப்ளைவீல் வாதம். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 45-க்கு முடுக்கும்போது, விளிம்பின் எடையை இரட்டிப்பாகவே வைத்துக்கொண்டாலும், அந்த 400 கிராம் மிச்சப்படுத்துவது சுமார் 25 ஜூல். ஆழமான ரிம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 8 வாட் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இது ரிம்முக்கு ரிம் கூடும், குறையும். வாட் என்பது வினாடிக்கு ஒரு ஜூல். ஆக, நான் பெரிதாகப் பேசிய 25 ஜூலைக் காற்றில் மூன்றே வினாடியில் திரும்பப் பெற்றுவிடலாம். பவர் பிரஸ் நின்று நின்று அடிக்கும் இயந்திரம். சைக்கிளோ ஒருமுறை வேகம் பிடித்தால் மணிக்கணக்கில் அதே வேகத்தில் ஓடுவது. சீராக ஓடும் சக்கரத்தில் விளிம்பின் எடை இரட்டிப்பாவதே இல்லை. இருபத்தைந்து ஆண்டு அனுபவம் என்னைத் தவறான இயந்திரத்தோடு ஒப்பிட வைத்துவிட்டது.

பிறகு சமதளம். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது; அதை வெல்லத் தேவையான ஆற்றலோ மும்மடிப்படி. வேகம் இரண்டு மடங்கானால் உழைப்பு எட்டு மடங்கு. அதுவும் தரையில் ஓடும் வேகம் அல்ல கணக்கு, காற்றை எதிர்கொள்ளும் வேகம். எதிர்க்காற்று 15 கிலோமீட்டர் அடிக்கும்போது 30-இல் ஓட்டுகிறவன் மேல் 45 கிலோமீட்டர் காற்று மோதுகிறது. ஒரு மணி நேரம் தனியாக ஓட்டினால் அந்த 8 வாட் அரை நிமிடம் அளவுக்கு மிச்சப்படுத்தும். பல்லடத்திலிருந்து திரும்பும் சாலையில் ஒரு சைக்கிள் நீளத்தில் நிழலைத் தவறவிட்டவனுக்கு அது சிறிதா, பெரிதா? அதை நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் 'உழைப்பில் மனம் நிற்கவில்லை' என்பதைவிட நேர்மையான விளக்கம் அதில் இருந்தது.

மலையாவது என் பக்கம் நிற்கும் என்று நம்பினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், உயர்வு சுமார் 1,450 மீட்டர். என் மகன் ஏறத்தாழ ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ஏறுவான். அந்த ஏற்றம் முழுவதிலும் 400 கிராம் அவனுக்கு மிச்சப்படுத்தும் நேரம் 26 வினாடி. இதைக் கண்டதும் சற்று மகிழ்ச்சி. ஆனால் அவன் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறான்; அந்த வேகத்திலும் காற்று உண்டு. ஆழமான ரிம் அங்கேயும் முக்கால் வாட் அளவுக்குத் தருகிறது. அதையும் சேர்த்தால் இரண்டுக்குமான வேறுபாடு முழு மலையிலும் நாலைந்து வினாடிக்குள் சுருங்கிப்போனது. சராசரிச் சாய்வு ஏறத்தாழ நாலு சதவீதத்தைத் தாண்டினால்தான் அவனைப் பொறுத்தவரை எடை குறைந்த சக்கரம் ஜெயிக்கிறது. அவனைவிட வேகமாக ஏறுகிறவர்களுக்கு அந்த எல்லை இன்னும் மேலே போகும்.

உறிஞ்சும் குப்பி நிறையத் தண்ணீர் பிடித்தால் 750 கிராம் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சக்கரத்தில் நாம் காசு கொடுத்துக் குறைத்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அது. என் வயிற்றைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

மகனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு இவையெல்லாம் முன்பே தெரிந்திருந்தது. 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டிய கதையைச் சொன்னான். எடி மெர்க்ஸ் 1972-இல் நிறுவிய 49.431 கிலோமீட்டர் சாதனையை அவர் முறியடித்தது, போக்ஸ் கம்பியே இல்லாத, தட்டுப்போல் மூடிய சக்கரங்களைக் கொண்டு. மெர்க்ஸ் எடையைக் குறைக்க முயன்றவர். மோசரோ கனத்தைப் பொறுத்துக்கொண்டு காற்றைக் குறைத்தார்.

"இதை அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க சக்கரத்தைப் பத்திக் கேக்கலைங்களே அத்தா. நிய்யத்தைப் பத்தித்தான் கேட்டீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. எனக்கும் அது எளிதாக வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆழமான ரிம் பார்க்கவும் நல்லா இருக்கும்கிறது உண்மைதானுங்க, அத்தா" என்றான். அவனாவது தன் உள்ளத்தைப் பார்த்துப் பேசினான். நான் தேர்ந்த அடக்கத்திலோ, அடக்கமானவன் என்று பிறர் சொல்ல வேண்டும் என்கிற ஆசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எந்தக் கணக்கு நோட்டிலும் எழுதிப் பார்க்க முடியாது.

வீண்விரயம் பற்றிய என் கவலை மட்டும் இன்னும் தீரவில்லை. தீரக்கூடாது என்றும் நினைக்கிறேன். விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் செய்யாமல் இரண்டுக்கும் நடுவே செலவழிப்பவர்களை அல்குர்ஆன் 25:67 பாராட்டுகிறது. அந்த நடுவை எங்கே வைப்பது? சக்கரத்துக்கு முன்பே குறைந்த செலவில் கிடைக்கும் பலன்கள் பல இருந்தன. நல்ல டயர் ஒரு சோடி சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. உருளும் தடையில் அது மிச்சப்படுத்துவது பல நேரங்களில் சக்கரத்துக்கு ஈடாகும். முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி ஓட்டப் பழகுவதற்குச் செலவே இல்லை. காற்றில் படபடக்கும் தொளதொளச் சட்டையோ ஆழமான ரிம் தருவதைவிட அதிகமாகப் பிடுங்கிக்கொள்ளும்.

இந்த உடை விஷயம் பல பெற்றோருக்கு உறுத்தலாக இருப்பதை அறிவேன். போட்டிக்கான கால்சட்டை தொடையோடு நின்றுவிடுகிறது. ஆணின் அவ்ரத்தோ தொப்புளிலிருந்து முழங்கால் வரை. எங்கள் வீட்டில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கால்சட்டை, உடலோடு படிந்த, ஆனால் நீளமான மேற்சட்டை என்று பேசி முடித்தோம். இறுக்கமான உடையில் உருவம் தெரிவது பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது அவரவர் கடமை. என் மகன் கூட்டத்தில் அவ்வளவு நீளக் கால்சட்டை போட்ட ஒரே ஆள். முதலில் சிலர் கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

போட்டி என்பதே நமக்கு அந்நியம் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு செய்தி. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிப்பதாகப் புகாரீயில் காண்கிறோம். பயிற்சியால் மெலிந்து இறுகிய குதிரைகளுக்கு அல்ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரே மைல். இப்னு உமரும் அதில் கலந்துகொண்டவர். எந்தக் குதிரைக்கு எந்தத் தூரம் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் ஓடவிட்டிருக்கிறார்கள். நான் சாலையைப் பார்க்காமலே சக்கரத்தைத் தீர்மானித்தேன்.

எங்கள் சாலையைப் பார்த்துத் தீர்மானித்தால் என்ன ஆகும்? பல்லடம் சாலையில் காற்று முன்னும் பின்னும் அடிக்கிறது. ஆனால் பொள்ளாச்சிச் சாலை தெற்கு நோக்கிப் போகிறது; கணவாய்க் காற்று வலப்பக்கத்திலிருந்து அறைகிறது. ஆழமான ரிம் அப்போது பாய்மரம்போல் காற்றைப் பிடித்துக்கொள்ளும். லாரி ஒன்று கடந்துபோகும் கணத்தில் காற்று நின்று, மறுகணம் திரும்ப அடிக்கும்போது முன்சக்கரம் ஹேண்டில்பாரையே திருப்பிவிடும். எடை குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பின்சக்கரத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை, அது திரும்புவதில்லை. மலையிறக்கத்தில் வேறொரு ஆபத்து: ரிம்மையே கவ்விப் பிடிக்கும் பிரேக் உள்ள பழைய வகை சைக்கிளில் கார்பன் ரிம் போட்டுக்கொண்டு கோத்தகிரியிலிருந்து பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால், சூடேறி ரிம் பிளந்துபோகக்கூடும். டிஸ்க் பிரேக் என்றால் அந்த அச்சமில்லை. இல்லையென்றால் மலைக்கு அலுமினிய ரிம்தான் நல்லது. உடலும் உயிரும் அமானிதம். சில வினாடிகளுக்காக அதைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே முழுச் சோடியை விற்கவில்லை. மகனின் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருப்பதால், ஐம்பது மில்லிமீட்டர் ஆழமுள்ள பின்சக்கரம் ஒன்றை மட்டும் பழையதாகத் தேடி வாங்கினோம். பாதி அவன் காசு, பாதி என் காசு. முன்னால் அதே ஒல்லியான சக்கரம். ஒன்று ஆழம், ஒன்று ஒல்லி என்று பார்வைக்குக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கிறது. அவனுக்கு அது பற்றிக் கவலையில்லை. எனக்குத்தான் முதல் வாரம் கூச்சமாக இருந்தது.

பழைய சக்கரமாதலால் லேசாகக் கோட்டம் இருந்தது. பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி, டயல் கேஜ் வைத்து, போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கால் திருகு, அரைத் திருகு என்று முறுக்கி நானே கோட்டம் எடுத்தேன். அவன் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். அஸர் பாங்கு சொன்னபோது இன்னும் நாலு கம்பிகள் பாக்கி. கையில் கிரீஸ் போக இருவரும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒளூ செய்துகொண்டு பள்ளிக்கு நடந்தோம்.